குட்டியின் ஐந்தாம் விரல்: எடுப்பதா, விடுவதா?

போன ஐப்பசியில் எங்கள் வீட்டுச் செவலை ஏழு குட்டி போட்டது. சிப்பிப்பாறை நாய், ஊர் திருநெல்வேலி மாவட்டம் மூலைக்கரைப்பட்டி பக்கம். மாட்டுத்தொழுவின் ஒரு மூலையில் சாக்கு விரித்து இடம் கொடுத்திருந்தோம், வெளியே விடாத மழை. விடிந்ததும் ஒவ்வொரு குட்டியாக எடுத்து எடை போட்டுக்கொண்டே காலையும் விரித்துப் பார்த்தேன். ஐந்து குட்டிகளுக்கு முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு, ஆக 18 நகம். மீதி இரண்டுக்கும் பின்கால் ஒவ்வொன்றிலும் ஒரு விரல் கூடுதல், எண்ணினால் 20.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வயல் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, “அந்த வெரல எல்லாத்தையும் மூணு நாளைக்குள்ள எடுத்துருடே. வளந்தப்புறம் உடங்காட்டுல ஓடும்போது மாட்டிக் கிழிஞ்சுதுன்னா பாவம்லா” என்றார். ராத்திரி போனில் பேசிய சித்தி மகன், அவனும் நாய் வளர்க்கிறவன், “தொடவே தொடாதண்ணே, ஓடுற நாய்க்கு அது வேணும்” என்றான். இரண்டு பேருக்கும் நாய் மேல் அக்கறை உண்டு, இரண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி சரி. ஆனால் குட்டியிலேயே எடுப்பதாக இருந்தால் அதற்கான அவகாசம் பிறந்த முதல் ஐந்து நாள்தான். அந்த ஐந்து நாளில் நான் விசாரித்ததையும் கடைசியில் செய்ததையும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் குட்டி பிறந்த வீட்டில் இந்தக் கேள்வி திடீரென்று வந்து நிற்கும், அப்போது நிதானமாக நாலு பேரிடம் கேட்க நேரம் இருக்காது.

எந்த விரலைச் சொல்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். டாக்டர்கள் டியூ கிளா என்பார்கள். சிலர் ஆறாவது விரல் என்கிறார்கள், எண்ணிப் பார்த்தால் அது ஐந்தாவதுதான். நமக்குக் கட்டைவிரல் இருக்கிற இடத்தில், காலின் உள்பக்கமாகக் கொஞ்சம் மேலே ஏறி இருக்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும் தரையில் படாது. முன்காலில் இது கிட்டத்தட்ட எல்லா நாய்க்கும் உண்டு. பின்காலில் பெரும்பாலான நாய்களுக்குக் கிடையாது, சில குட்டிகளுக்கு மட்டும் வரும். (வெளிநாட்டில் கிரேட் பிரனீஸ், பிரியார்ட் போன்ற இனங்களுக்குப் பின்காலில் இந்த விரல் இரட்டையாகவே இருக்க வேண்டும், எடுத்துவிட்டால் கண்காட்சியில் அது குறை. நம் நாட்டு நாய்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்.)

முன்கால் விரலும் பின்கால் விரலும் பேரில்தான் ஒன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பேசாததால்தான் அண்ணாச்சியும் தம்பியும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள்.

முன்கால் விரலுக்குள் எலும்பு இருக்கிறது, மூட்டு இருக்கிறது, முன்கையின் தசைகளிலிருந்து இறங்கி வரும் தசைநார்கள் அதில் பிடித்திருக்கின்றன. தசைநார் இருக்கிறது என்றால் அந்த விரல் ஏதோ வேலை செய்கிறது என்று அர்த்தம். நாய் எலும்பு கடிக்கும்போது கவனித்துப் பாருங்கள், இரண்டு முன்கால்களுக்கு நடுவே எலும்பை நிறுத்தி, இந்த விரலால் அணைத்துப் பிடித்துத்தான் கடிக்கும். குளத்தில் இறங்கிய நாய் சரிவான கரையில் ஏறி வரும்போதும் இது மண்ணைப் பற்றும். முக்கியமான வேலை ஓட்டத்தில். நடக்கும்போது தரையில் படாத விரல் நாலுகால் பாய்ச்சலில் படும், ஏனென்றால் அந்த வேகத்தில் உடம்பு முழுப் பாரமும் ஒரு முன்காலில் இறங்குகிற கணத்தில் மணிக்கட்டு அவ்வளவு தூரம் வளைந்து தரையை நெருங்கிவிடுகிறது. அப்போது இந்த விரல் மண்ணில் ஊன்றி, திரும்புகிற நேரத்தில் கால் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்துகிறது. செவலை சினையாவதற்கு முன்னால் எங்கள் ஊர்க் குளத்துக்கரையில் ஈரமண்ணில் ஓடிய தடத்தை நான் குனிந்து பார்த்திருக்கிறேன். நான்கு விரல் பதிந்த தடத்துக்குப் பின்னால், உள்பக்கமாக, சின்னதாக ஒரு கீறல். அன்றைக்கு அது என்னவென்று தெரியவில்லை, இப்போது தெரிகிறது.

விளையாட்டு நாய்களின் உடற்கூறைப் பற்றிப் பல வருஷமாக எழுதி வருகிற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கிறிஸ்டின் சிங்க், முன்கால் விரலை எடுத்துவிட்ட நாய்களுக்கு மணிக்கட்டு மூட்டில் பின்னால் தேய்மானம் வருவதைத் தான் பார்ப்பதாகச் சொல்கிறார். 2018-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு, தடை தாண்டி ஓடும் அஜிலிட்டி போட்டி நாய்களைப் பற்றியது, முன்கால் விரல் இல்லாத நாய்களுக்கு மற்ற விரல்களில் காயம் படுவது அதிகமாக இருந்ததைக் காட்டியது. நகம் நீளமாக இருந்த நாய்களுக்கும் அப்படியே. இது நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு எடுத்த கணக்கு, அதனால் இதை முடிந்த முடிவாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி என்று நம் பக்கத்து நாய்களை யோசித்துப் பாருங்கள், எல்லாம் ஓடுவதற்கென்றே வளர்ந்த உடம்பு. முயல் வேட்டை இன்றைக்குச் சட்டப்படி குற்றம், அது இருக்கட்டும். கிடை ஆட்டோடு போகிற நாயும் தோட்டத்தில் காவல் நிற்கிற நாயும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாய்ந்து திரும்புகின்றன! அந்தக் காலிலிருந்து ஒரு விரலைக் காரணமில்லாமல் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அண்ணாச்சி பயந்த மாதிரி முன்கால் விரல் மாட்டிக் கிழிவதும் உண்டு. வலி அதிகம், ரத்தமும் நிறைய வரும். ஆனால் நான் பார்த்த நாலைந்து நாய்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்த நகம் வெட்டாமல் விட்டு நீண்டு, கொக்கி மாதிரி வளைந்து கிடந்தது. தரையில் தேயாத நகம் அல்லவா, மற்ற நகங்கள் சரளை ரோட்டிலும் வயல் வரப்பிலும் தானாகத் தேய்ந்துவிடும், இது தேயாது. கொக்கி ஆன நகம் வேலிக் கம்பியில், கருவேல முள்ளில், சாக்கின் சணலில், எதிலும் மாட்டும். அப்படியே விட்டால் வட்டமாகச் சுருண்டு சதைக்குள்ளேயே இறங்கிவிடும், கிழட்டு நாய்களில் இதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆகவே முன்காலைப் பொறுத்தவரை, நான் எடுத்த முடிவு ஏழு குட்டிக்கும் ஒன்றுதான்: விரல் இருக்கட்டும், நகத்தை வெட்டுவோம்.

பின்காலில் தீர்ப்பு அவ்வளவு சுலபம் இல்லை. இங்கே கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். குட்டியின் பின்கால் விரலை உங்கள் இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அடியில் எலும்பு கெட்டியாகக் காலோடு சேர்ந்திருக்கிறதா, இல்லை வெறும் தோலில் ஒரு மணி மாதிரித் தொங்குகிறதா? எலும்போடு சேர்ந்திருந்தால் காலோடு ஒட்டி அடங்கி இருக்கும், மாட்டுவதற்கு வாய்ப்புக் குறைவு. தோலில் மட்டும் தொங்கினால் அது எந்தப் பக்கமும் திரும்பும், நாய்க்கு அதை அடக்கிக்கொள்ளத் தசை கிடையாது, எலும்பைப் பிடிக்கவும் ஓட்டத்தில் ஊன்றவும் உதவாது, நகமும் தாறுமாறாக வளரும். எங்கள் குட்டிகளில் கறுப்பு மூஞ்சிக் குட்டிக்கு இரண்டு பின்காலிலும் தொங்கு விரல். சாம்பல் குட்டிக்கு இரண்டிலும் கெட்டியாக எலும்பு. நமக்குச் சந்தேகமாக இருந்தால் டாக்டர் ஒரு தடவை தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

தொங்கு விரலை எடுக்கலாம் என்று முடிவானால் எப்போது எடுப்பது? குட்டி பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஒரு வாய்ப்பு. அதைத் தவறவிட்டால் நாலு, ஆறு மாதத்தில் முழு மயக்கம் கொடுத்து, பெரும்பாலும் கருத்தடை ஆபரேஷனோடு சேர்த்து. மூன்றாவது வழி, விட்டுவிட்டு, அடிபட்டால் அப்போது பார்ப்பது.

முதலாவதில் வேலை சின்னது. டாக்டர் இடத்தைச் சுத்தம் செய்து, மரத்துப்போக ஊசி போட்டு, விரலை அடியோடு எடுத்துவிட்டு ரத்தத்தை நிறுத்துவார், தேவைப்பட்டால் ஒரே ஒரு தையல், அல்லது தோல் ஒட்டும் பசை. சில நிமிஷம்தான். காயமும் சீக்கிரம் ஆறும், தழும்பே தெரியாது. ஊரில் பலரும் இதைத்தான் சொல்வார்கள், அந்த அளவில் சரிதான். ஆனால் அவ்வளவு பிஞ்சுக்கு வலி தெரியாது என்று சேர்த்துச் சொல்வார்களே, அது தப்பு. கண் திறக்காத குட்டிக்கும் வலிக்கும். அது கத்துவதையும் காலை இழுப்பதையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் மரத்துப்போகும் மருந்து போடுவீர்களா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். குட்டியின் எடைக்கு அந்த மருந்து கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, ஆகவே எடையைக் குறித்து வைத்திருந்து சொல்லுங்கள்.

வலிக்கு அடுத்தபடி பெரிய பயம் குளிர். முதல் வாரத்தில் குட்டியின் உடல்சூடே 95 முதல் 99 டிகிரி ஃபாரன்ஹீட்தான், பெரிய நாய்க்கு 101, 102 இருக்கும். அந்த வயதில் குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது, சூட்டுக்குத் தாயின் வயிற்றையும் கூடப் பிறந்தவற்றையும்தான் நம்பி இருக்கிறது. குளிர்ந்துபோன குட்டி பால் குடிக்காது, பால் குடிக்காத குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். ஐப்பசி மழையில், கூடையில் வைத்து, பைக்கில் டவுன் வரைக்கும் கொண்டுபோய், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து திரும்புவதை நினைத்துப் பாருங்கள். அதோடு அந்த வராந்தாவில்தான் பார்வோ என்கிற தொற்றுநோய் வந்த குட்டிகளும் படுத்திருக்கும், அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் எடுப்பதாக இருந்தால் டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தாயைக் கொஞ்ச நேரம் குட்டியின் சத்தம் கேட்காத தூரத்துக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் நம் கையையே கடிக்கும், கடிப்பதில் தப்பும் இல்லை. குட்டி மூன்று நாளும் நன்றாகக் குடித்து, தினமும் எடை ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். பிறந்த எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை ஒவ்வொரு நாளும் ஏற வேண்டும். ஏறாத குட்டியை எந்தக் காரணத்துக்காகவும் கத்திக்குக் கொடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்றும் இருக்கிறது, ஈ. தொழுவத்தில் சின்னக் காயம் இருந்தாலும் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். இதைக் கால்நடை வளர்க்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எடுத்த பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் அந்த இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும், தாய் நக்கி நக்கித் தையலைப் பிரித்துவிடுகிறதா என்பதையும் சேர்த்து.

கருத்தடையோடு சேர்த்து எடுப்பதிலும் நன்மை உண்டு. குட்டிக்கு அப்போது ஒழுங்கான மயக்கம், ஒழுங்கான வலி மருந்து கிடைக்கும். அதோடு அந்த நாலைந்து மாதத்தில் விரல் உண்மையிலேயே தொந்தரவு கொடுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கெட்டியான விரலாக இருந்தால் எடுக்க வேண்டாம் என்றே பல நேரம் முடிவாகும். பாதகம், காயம் பெரிது, தையல் பிரிக்கப் பத்து முதல் பதினாலு நாள் ஆகும், அதுவரை கழுத்தில் கூம்பு மாட்டி, கட்டு நனையாமல், ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும், ஓடாத சிப்பிப்பாறைக் குட்டியை நான் பார்த்ததில்லை. முன்கால் விரலை இந்த வயதில் எடுப்பது மூட்டையே பிரித்து எடுக்கிற ஆபரேஷன், காயமோ கட்டியோ இல்லாமல் அதற்குப் போக வேண்டாம். இதில் ஒரு விஷயத்தை மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லியான ஓட்ட நாய்கள் சில மயக்க மருந்துகளிலிருந்து, குறிப்பாகத் தயோபென்டோன் வகையிலிருந்து, மற்ற நாய்களைவிட மெதுவாகத் தெளியும். சிப்பிப்பாறைக்கும் அதே கொழுப்பில்லாத உடல்வாகு. எந்த இனம் என்பதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் நடக்கிறது. பிளேடால் அறுத்து மஞ்சள் அப்புவது, நூலை இறுக்கிக் கட்டி அழுகி விழ விடுவது. எங்கள் வீட்டிலேயே நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது நடந்தது. ஒரு குட்டிக்கு நகத்தோடு நுனியை மட்டும் அறுத்துவிட்டார்கள், அடிவேர் உள்ளேயே இருந்தது. மூன்று மாதத்தில் அதிலிருந்து நகம் கோணலாக, தோலுக்கு உள்நோக்கி முளைத்தது. அந்த நாய் இருந்த ஏழு வருஷமும் அந்தக் காலை யாரையும் தொட விடவில்லை. ஆச்சி சோறு வைக்கும்போதுகூட அந்தப் பக்கம் திரும்பாமல் நிற்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. மஞ்சள் நல்ல பொருள்தான், ஆனால் அது ரத்தக்குழாயை அடைக்காது, வலியையும் மரக்கச் செய்யாது. நூல் கட்டினால் நாலைந்து நாள் வலியும் சீழும்தான் மிச்சம். மிருகங்களை ஊனப்படுத்துவதை 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது, கால்நடை மருத்துவம் பார்க்கப் பதிவு பெற்றவர்களுக்குத்தான் உரிமை என்று 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் சொல்கிறது. நம் மாவட்டத்தில் டாக்டர் கிடைக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. ராமையன்பட்டியில் 2012-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஊர்களில் அரசுக் கால்நடை மருந்தகங்களும் இருக்கின்றன.

சரி, நான் செய்தது. நாலாம் நாள் மழை கொஞ்சம் விட்டபோது டாக்டர் வந்தார். கறுப்பு மூஞ்சியின் இரண்டு தொங்கு விரலையும் மரக்க ஊசி போட்டு எடுத்தார், அது கொஞ்சம் முனகியது, பத்து நிமிஷத்தில் செவலையின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. சாம்பல் குட்டியின் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது நல்லா ஒட்டியிருக்கு, விட்டுருங்க” என்றார். முன்கால் பேச்சை நான் எடுத்தபோது, காட்டில் ஓடுகிற நாய்க்கு அதை எதற்கு எடுக்க வேண்டும் என்று அவரே கேட்டார். விற்பதற்காக, பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக எடுக்கச் சொல்லி அவரிடம் வருகிறவர்கள் உண்டாம். அழகுக்காக என்றால், எனக்கு அது ஒரு காரணமே இல்லை.

அப்புறம் நகம். இதைச் செய்ய மாட்டீர்கள் என்றால் விரலை விட்டுவைக்கிற முடிவுக்கே பலன் இல்லாமல் போகும். மூன்றாம் வாரத்திலிருந்தே குட்டியை மடியில் போட்டு நுனியை மட்டும் வெட்டிப் பழக்கினேன், பிஞ்சில் நம் நகவெட்டியே போதும். வளர்ந்ததும் நாய்க்கான நகவெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் உயிர்ச்சதை தெரியும், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடலாம். கறுப்பு நகத்தில் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி வந்ததும் நிறுத்த வேண்டும். தவறிப்போய் ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும். ஒரு தடவை வலித்தால் அடுத்த தடவை காலைத் தர மறுக்கும், அதனால் அவசரப்படாதீர்கள். நான் வெட்டும்போதெல்லாம் ஒரு துண்டு கருவாடு கையில் வைத்திருப்பேன், வாசனைக்கே அசையாமல் படுத்துவிடும்.

குட்டிகளைக் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் தடுப்பூசிச் சீட்டோடு, எந்தக் காலில் எத்தனை விரல், நகம் எப்போது வெட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சாம்பல் குட்டியை அண்ணாச்சிதான் வாங்கிப்போனார். தாளைப் படித்துவிட்டு, “அப்போ இதுக்கு எடுக்கவே வேண்டாங்கியா?” என்று இரண்டு தடவை கேட்டார். “இப்போதைக்கு வேண்டாம் அண்ணாச்சி, கருத்தடைக்குக் கொண்டுபோகும்போது டாக்டர் ஒருக்கப் பாக்கட்டும்” என்றேன். இப்போது அதற்கு ஐந்து மாதம், வாழைத் தோட்டம் முழுக்க ஓடுகிறது, விரல் எதிலும் மாட்டவில்லை. நகம் வெட்ட மட்டும் அண்ணாச்சிக்குக் கை நடுங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுகிறார்.